மூன்றாவது துளை

மூன்றாவது சிலிண்டரின் துளையிலிருந்து வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது.

பதினொரு வருடமாக ஒரு பொட்டு நெருப்பைக் காணாத என்ஜின் அது. கொட்டகையில், அந்தப் பழைய காருக்குள் கிடந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. கொட்டகை ஒழுகுகிறது என்று அவள் கணவன் என்ஜினை மட்டும் கழற்றி, நான்கு பேரை வைத்துத் தூக்கி, முன்னறை மேசைமேல் ஏற்றி இரண்டு மாதமாகிறது. அன்றிலிருந்து தலையணையில் பெட்ரோல் வாடை, தண்ணீர்க் குவளையில் கிரீஸ் ரேகை, எட்டு மாதக் குழந்தையின் நெஞ்சில் இழுப்பு. வாடை ஆகாது என்று டாக்டர் சொன்னதை அவனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

"காத்து தள்ளுதா?" என்ஜினின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"தள்ளுது."

"எப்ப தள்ளுதுன்னு சொல்லணும். ஓட்டையில கட்டைவிரலை வெச்சுக்கிட்டு நிக்கக்கூட உனக்கு ஒருத்தன் பாடம் எடுக்கணுமா?"

கட்டைவிரலை இன்னும் அழுத்தினாள். சிலிண்டர் துளைகளை மூடும் நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு அவன் சுற்றுவான். அவள் துளையை விரலால் அடைத்திருக்க வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்று விரலைத் தள்ளும். தள்ளும் நேரம் பார்த்து அவன் சக்கரத்தில் சுண்ணாம்புக்கோடு போடுவான். காலையிலிருந்து இதே வேலை. நடுப்பகல்தான், ஆனால் மழை அறையை இருட்டாக்கியிருந்தது, மின்சாரமும் இல்லை. தட்டில் எண்ணெய் சொட்டும் சத்தமும், ஈரத் துருவின் நெடியும், சாத்திய ஜன்னலில் மழை மோதும் ஓசையும் ஒன்றன்மேல் ஒன்றாக அவள் தலைக்குள் ஏறிக்கொண்டிருந்தன.

அவன் நிறுத்திவிட்டுக் கை துடைத்தான். காற்று நிற்கவில்லை.

இரண்டு குட்டை, ஒரு நீளம், முடிவில் மெல்லிய கீச்சு. இரண்டு குட்டை, ஒரு நீளம், கீச்சு. இந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும். இரண்டு மாதமாகக் குழந்தையின் பக்கத்தில் தூங்காமல் படித்த கணக்கு.

"சுத்தறீங்களா?"

"கையைத் துடைக்கிறேன். கண்ணு தெரியலையா?"

"உங்க மூத்த சம்சாரம், இந்த என்ஜின், மூச்சு விடறா. நம்ம பட்டு விடற மாதிரியே."

அவன் சிரித்தான். "சக்களத்தி மேல பொறாமை முத்திப்போச்சு உனக்கு."

"விளையாடலைங்க. விரலை வெச்சுப் பாருங்க. அந்த ஓட்டையை மட்டும் மூடாதீங்க."

மூடாதே என்றதுதான் தப்பு. வேண்டாம் என்று அவள் சொன்ன எதையும் அவன் செய்யாமல் விட்டதில்லை. பிளக்கை எடுத்து, அவசரத்தில் கோணலாகச் செருகி, மரை கடித்து நின்றதும் ஸ்பேனரை மாட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினான். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டிகள் தோலுரிந்தன. திட்டிக்கொண்டே மறுபடி அழுத்தினான். 'கறக்' என்று இறுகியது.

பக்கத்து அறையில் குழந்தையின் இழுப்புச் சத்தம் நின்றது.

அவள் ஓடினாள். குழந்தை விழித்துத்தான் இருந்தது. அழவில்லை. உதடு ஈய நிறம். நெஞ்சு அசையவில்லை.

வாரிக்கொண்டு திரும்பி வந்தாள். "கழட்டுங்க."

"இப்பத்தானே மாட்டி…"

"கழட்டுடா!"

ஐந்து வருடத்தில் அவனை அவள் 'டா' போட்டதில்லை. ஓங்கிய கையோடு திரும்பியவன் குழந்தையின் உதட்டைப் பார்த்தான். கை தானாக இறங்கியது. ஸ்பேனரை மாட்டினான். வழுக்கியது. மறுபடி. மரைத்தூள் உதிர, பிளக் வெளியே வந்தது.

துளை திறந்திருந்தது. காற்று இல்லை.

அவள் குழந்தையின் வாயில் வாய் வைத்து ஊதினாள். நெஞ்சு எழும்பவில்லை.

மூன்றாவது துளையிலிருந்து புழுதி பறந்தது.

இன்னொரு முறை ஊதினாள். மறுபடியும் அங்கேதான்.

"சுத்து," என்றாள்.

சுற்றினான். ஒன்று. இரண்டு. குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்கியது. ஒன்று. இரண்டு. உதட்டில் சிவப்பு.

"டாக்டரை…" என்று போனுக்காகக் கையை எடுத்தான். ஏறிய நெஞ்சு ஏறியபடியே நின்றது.

"நிறுத்தாத! சுத்து!"

சுற்றினான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. விரல் முட்டியிலிருந்து ரத்தம் கிரீஸோடு கலந்து கைப்பிடியில் வழிந்தது.

"கை போச்சும்மா… ஒரு நிமிஷம்…"

"இதுக்குத்தானே ராவும் பகலும் சுத்தின? எம் புள்ளை நெஞ்சு இழுத்தப்ப சுத்தினியே? சுத்து."

அழுதான். பரிதாபம் வரவில்லை அவளுக்கு. தேடிப் பார்த்தாள். வரவில்லை.

சுற்று மெதுவானது. மூச்சும். பிறகு கை வழுக்கி, அவன் மேசைக் காலடியில் மடிந்து விழுந்தான்.

வேறு வழியில்லை. எண்ணெய்த் துணிமேல், என்ஜினை ஒட்டிக் குழந்தையைக் கிடத்தினாள். கைப்பிடியைப் பிடித்தாள். கனம். பற்கள் நறநறக்க இழுத்தாள். ஒன்று. இரண்டு.

குழந்தை கழுத்தைத் திருப்பியது.

இருட்டில் முலை தேடுகிற அதே தலையசைப்பு. வாயைத் திறந்து, மூன்றாவது துளையைக் கவ்விக்கொண்டது. கன்னம் குழிந்தது. சப்பியது.

கைப்பிடி லேசானது.

கைப்பிடியை விட்டுவிட்டுப் பாய்ந்து, குழந்தையின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக. மேசையோடு என்ஜின் அசைந்தது, வாய் விடவில்லை. குழந்தை கண்ணை உருட்டி அவளைப் பார்த்தது, பசியில் இருக்கும்போது யாராவது தொட்டால் பார்க்குமே, அப்படி.

இழுப்புச் சத்தம் இல்லை. கீச்சு இல்லை.

அவளுக்குப் பின்னால், யாரும் தொடாத கைப்பிடி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.