நாலு கை வேணுங்க

கதவைத் திறந்த உமாராணி திகைத்துப்போனாள்.

வாசலில் நின்றவன் தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். ஆனால் அவன் கையிலிருந்த டூல் பை மட்டும் ரெயின்கோட் போட்டுக்கொண்டு சொகுசாக இருந்தது!

“டிவி ரிப்பேருங்க... முத்தாண்டிக்குப்பம் சுதாகர். சத்தம் வருது, படம் வரலன்னு சொன்னீங்களே...”

உமாராணி வீட்டு டிவிக்கும் அதே வியாதிதான். நேற்றுத்தான் அப்பா பரமசிவம் அதை இரண்டு தட்டு தட்டிப் பார்த்து, “ஸ்கிராப்” என்று தீர்ப்பு சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை புதுசு வாங்கப் போவதாக ஏற்பாடு. ‘அப்பா மனசு மாறி ஆள் அனுப்பிட்டார் போல...’ கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சம். தைத்துக்கொண்டிருந்த பிளவுஸைக் கையில் சுருட்டியபடி வழிவிட்டாள்.

அவன் டிவியைப் போட்டான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஃபோன் டார்ச்சைக் கறுத்த திரையில் சாய்த்துப் பிடித்தான்.

“இங்க வந்து பாருங்க.”

குனிந்து பார்த்தாள். செய்தி வாசிப்பவர் ஆவி மாதிரி மங்கலாகத் தெரிந்தார்.

“படம் உள்ளதாங்க இருக்குது. பின்னால இருக்கிற வெளிச்சம்தான் போயிடுச்சி.”

அந்த மங்கல் படத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு முகங்கள்... ஒன்று அவளுடையது. இன்னொன்றில் ஈர இமைகளோடு இரண்டு கண்கள்... அவை செய்தியைப் பார்க்கவில்லை.

“பாத்தாச்சுங்களா?”

“ம்...” எதைப் பார்த்தாள் என்று அவள் சொல்லவில்லை.

டிவியை மெத்தையில் கவிழ்த்துப் படுக்க வைத்து அவன் ஸ்க்ரூக்களைக் கழற்றினான். அவள் அவற்றைத் தன் பட்டன் டப்பாவில் வாங்கிப் போட்டாள். கடைசி ஸ்க்ரூ விழுந்த நேரம் அவன் ஃபோன் அலறியது.

“சொல்லுங்க அன்னமேரி டீச்சர்! உங்க வூட்லதான் வேல பாத்துகினு இருக்கேன்... என்னாது, இன்னும் வரலியா? அப்ப நான் யாரு வூட்ல இருக்கேன்?”

ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“இது இருபதாம் பிளாக்தானுங்களே?”

“இருபத்தொண்ணு.”

“ஐயோ! எல்லா குவார்ட்டர்ஸையும் ஒரே மாதிரி கட்டி, பிளாக்குக்கு பிளாக் அதே வூட்டு நம்பர் போட்டு வச்சா நான் என்னாங்க பண்றது? தெரியாத வூட்டு டிவியப் பிரிச்சா என்ன கேஸ் போடுவாங்க?”

“கதவைத் திறந்தது நான்தானே... எனக்கும் சேர்த்துத்தான் போடுவாங்க.”

அந்நியன் ஒருவனிடம் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து அப்பா வந்து நின்றார். பின்னாலேயே ரேஷன் பையோடு அம்மா பொன்னம்மாள்.

“நான் ஸ்கிராப்னு சொன்ன சாமானை எவன்டா திறந்தது?”

சுதாகர் நடந்ததைச் சொன்னான். “உள்ள வெளிச்சம் தர்ற எல்இடி பட்டைய மாத்தினா போதும் சார். இது ஸ்கிராப் இல்லீங்க.”

“முப்பத்தோரு வருஷம் மைன்ஸ்ல எலக்ட்ரிக்கல் பார்த்தவன் நான். நான் ஸ்கிராப்னு எழுதினா இன்ஜினியரே மறுபேச்சு பேசமாட்டார்!”

“மோட்டார்ல நீங்கதான் சார் கில்லாடி. ஆனா இது டிவிங்க.”

அப்பாவின் மீசை துடித்தது. “சனிக்கிழமை சாயங்காலம் வரை டைம். படம் வந்தா நீ மெக்கானிக். வரலை... இந்தத் தெருப் பக்கமே உன் தலை தெரியக்கூடாது.”

அப்பாவுக்கு அது கௌரவப் பிரச்சினை. உமாராணிக்கோ... படம் வராவிட்டால் அந்தக் கண்களை இனிப் பார்க்கவே முடியாது. அடுத்த இரண்டு நாளில் மூன்று பிளவுஸுக்குக் கையை மாற்றித் தைத்துப் பிரித்தாள்.

சனிக்கிழமை அவன் பண்ருட்டியிலிருந்து பட்டைகளை வாங்கிக்கொண்டு வந்தான்.

“பேனலைத் தூக்க நாலு கை வேணுங்க. லேசா வளைஞ்சாலே கண்ணாடி போயிடும். சார் ஒரு பக்கம் புடிச்சீங்கன்னா...”

“ஸ்கிராப்பை நான் தொடமாட்டேன்.” பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

“எனக்குக் கை நடுங்கும்ப்பா” என்றாள் அம்மா.

“நான்... பிடிக்கிறேன்.” உமாராணி எழுந்தாள்.

“என் கண்ணப் பாத்துகினே தூக்குங்க. நான் தலையாட்டினா நடக்கணும்.”

“பேனலைப் பார்த்தா ஆகாதா?”

“அதப் பாத்தா பயம் வரும்ங்க.”

‘உங்களைப் பார்த்தா மட்டும்...?’ அதை விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள். நடுவில் மூன்றடிக் கண்ணாடி. அந்தப் பக்கம் காப்பித்தூள் நிறத்தில் இரண்டு கண்கள். அவன் தலையாட்டினான்... அவள் நகரவில்லை. அவள் நகர்ந்தாள்... அவன் தலையாட்டவில்லை.

பேப்பர் கீழே இறங்கியது. “தூக்குறீங்களா, ஃபோட்டோவுக்கு நிக்கிறீங்களா?”

ஒருவழியாகப் பேனல் கட்டிலுக்குப் போனது. வெள்ளை கனெக்டரைக் கழற்றியதும் பட்டைகள் மாறின. பேனல் திரும்பி வந்தது. பின்மூடியைப் போடுமுன் சுதாகர் ஸ்விட்சைப் போட்டான்.

சத்தம் வந்தது. படம்... வரவில்லை.

அப்பா பேப்பரை அழகாக மடித்தார். “ஸ்கிராப்.”

சுதாகரின் முகம் இருண்டது. ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டான். உமாராணி டிவியின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். இப்போது வாயைத் திறக்காவிட்டால்...

“அந்த வெள்ளை கனெக்டர்!” கத்தியே விட்டாள். “அதை நீங்க மாட்டவே இல்ல. மாட்டுற நேரத்துல என்னையே பார்த்துட்டிருந்தீங்க!”

அம்மாவுக்கு இருமல் வந்தது. சுதாகர் காது வரை சிவந்து, கனெக்டரை மாட்டினான்.

பளீரென்று படம் வந்தது.

“கலர் கொஞ்சம் கம்மி” என்றார் அப்பா.

“இத்தனை நாள் இருட்டைப் பார்த்ததுக்கு இது தேவலை” என்றாள் அம்மா.

அப்பா தொண்டையைச் செருமினார். “ஸ்கிராப்னு எழுதினதைத் திரும்ப எடுக்கிறதும் மைன்ஸ்ல உண்டு.”

கேட் வரை உமாராணி வந்தாள். தூறல் அவள் நெற்றி முடியில் மணி கோத்தது.

“இனிமே கெடாதுங்க” என்றான் சுதாகர். குரலில் சந்தோஷமே இல்லை. “எனக்கும்... இங்க வர வேல இருக்காது.”

“கெடாட்டியும் வாங்க.”

“சார் எதுக்குன்னு கேட்டா?”

தரையைப் பார்த்தபடிதான் சொன்னாள். ஆனால் தெளிவாகச் சொன்னாள். “உமாராணியைப் பிடிச்சிருக்கு, பார்க்க வந்தேன்னு சொல்லுங்க. எனக்கும்... பிடிச்சிருக்குன்னு சேர்த்துச் சொல்லுங்க.”

அவன் வண்டியை ஸ்டார்ட் செய்தான். பத்தடி போனான். அப்படியே திருப்பிக்கொண்டு வந்து கேட்டுக்குள் நுழைந்தான்.

“சார்!”

“இன்னும் என்னப்பா?”

“உமாராணியைப் பாக்க வந்திருக்கேன்ங்க. எனக்குப் புடிச்சிருக்கு. அவங்களுக்கும் புடிச்சிருக்காம்... சேத்துச் சொல்லச் சொன்னாங்க.”

உள்ளே டிவி சத்தம் சட்டென்று நின்றது. உமாராணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“பொன்னு...” என்றது அப்பாவின் குரல். “தம்பிக்கும் சேர்த்து, டீக்கு இன்னும் கொஞ்சம் பால் ஊத்து.”