சளி மாமா

கப்பலில் எஞ்சின் மெக்கானிக் வேலை எனக்கு. பதினோரு மாதம் கழித்து வீடு திரும்பினேன். இதற்கிடையில் என் மனைவி பழைய வீடு ஒன்றுக்குக் குடிமாறியிருந்தாள். உயரமான கூரை, ஈரம் ஊறிய சுவர், பகலிலும் விளக்குப் போடவேண்டிய உள்ளறை.

அங்கேதான் என் ஐந்து வயது மகள் மூக்கு ஒழுகப் படுத்திருந்தாள். தொட்டால் உடம்பு அனலாகக் கொதித்தது.

"டாக்டர்கிட்ட காட்டியாச்சு. வைரஸ் சளிதானாம், ஒரு வாரத்துல தானா போயிடுமாம்," என்றாள் மனைவி.

நெஞ்சில் தைலம் தேய்க்கக் கையை நீட்டினேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ வேணாம்ப்பா. சளி மாமா தேய்ப்பாரு."

"யாரும்மா அது?"

"எனக்குச் சளி பிடிச்சா வருவாரு. அம்மா முன்னறையில தைக்கும்போது வருவாரு. முதுகுல காது வச்சுக் கேப்பாரு."

மனைவியைப் பார்த்தேன். அவள் தலைகுனிந்துகொண்டாள்.

கொக்கியில் என்னுடையதல்லாத சட்டை ஏதாவது தொங்குகிறதா என்று தேடினேன். குளியலறையில் சவர பிளேடு தேடினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, தலையணையை மோந்துகூடப் பார்த்தேன்.

மறுநாள் மதியம், வெளியே போவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கமாக நுழைந்து தாழிட்டேன். உள்ளறைக்கு ஒரே கதவு. அதன் முன்னால் நின்றேன். முன்னறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் இருமினாள். நாய் குரைப்பது போல வறண்ட இருமல்.

மிஷின் நின்றது.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமும் சத்தம்.

ஆண்குரல்.

"மூச்சை இழு... விடு... இன்னொரு தடவை."

கதவை உதைத்துத் திறந்தேன்.

மகள் கவிழ்ந்து படுத்திருந்தாள். சட்டை தோள்வரை ஏறியிருந்தது. அவள் முதுகின் நடுவே ஒரு காதின் அச்சு. பெரியவர் ஒருவரின் காது. ஈரமாகப் பதிந்திருந்தது. நான் பார்க்கப் பார்க்க அது மறைந்தது. கட்டிலோரம் மெத்தையில் ஆள் உட்கார்ந்த பள்ளம் மெல்ல மேலெழும்பியது.

அறையில் யாரும் இல்லை.

"போயிட்டாரு," என்று மகள் அழுதாள். "உன்னாலதான்!"

பயத்தைவிடப் பெரிதாக இருந்தது பொறாமை. உயிரே இல்லாத ஒருவன் மேல்.

மனைவி பின்னால் வந்து நின்று கிசுகிசுத்தாள். "நான் அவரைப் பார்த்ததே இல்லைங்க. சொன்னா நம்புவீங்களா? பாப்பா மூச்சுக்குத் திணறி நான் தனியா அல்லாடின அன்னைக்கெல்லாம் அவர்தான் வந்தார். பாப்பா இருமினா மிஷினை நிறுத்துவேன், செருமல் கேட்டா இருந்த இடத்துலயே இருப்பேன்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"நீங்க இல்லாததுதான் பயமா இருந்தது."

அந்த வாரமே வீட்டைக் காலி செய்தேன். புது வீடு நாலாவது மாடியில். வெளிச்சமும் காற்றும் தாராளம். நானே தைலம் தேய்த்தேன், வெந்நீர் ஆற்றிக் கொடுத்தேன், மூக்கைத் துடைத்தேன். சளி போய்விட்டது. அதன்பின் மூன்று மாதம் அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஒருநாள் குளியலறையில், மகள் குளிர்ந்த ஷவருக்கு அடியில் உடுப்போடு நின்றிருந்தாள். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன.

"சளி பிடிச்சாதானே அவரு வருவாரு?"

வாரியெடுத்துத் துவட்டினேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சளி எனக்குத்தான் பிடித்தது.

இரண்டு நாள் கழித்து, மதியம். தொண்டை கட்டிக்கொண்டு, ஜுரத்தோடு, கதவைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தேன். மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் தொடாமலே போர்வை என் கழுத்துவரை ஏறியது. முதுகுப்பக்கம் அதன் ஓரத்தை யாரோ பக்குவமாகச் செருகினார்கள்.

எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மகள் கதவருகே வந்து நின்றாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலாகப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"நான் எத்தனை நாளாக் கூப்பிட்டேன்? அப்பாவுக்கு மட்டும் வந்தீங்களா?"