தோலுக்கு வெளியே

உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த கட்டடத்தைத்தான் ஸ்கேன் சென்டர் ஆக்கியிருந்தார்கள். எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் சுவரில் உப்பு பூத்துக்கொண்டே இருந்தது. காலை பதினொரு மணிக்கு அனுசியா லேப்டாப் பையோடு உள்ளே நுழைந்தாள். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே ஏசி குளிர், ஸ்பிரிட் வாசனை, அதற்கும் அடியில் மெல்லிசாகக் கடல் வாசனை.

"வாம்மா," ஸ்கேன் எடுக்கும் செந்தூர்பாண்டி சிரித்தார். "ஒம் புரோகிராமு இன்னைக்காவது ஒழுங்கா இருக்குமா? போன தடவ கட்டில் கம்பிய ரத்தக்குழாய்னு சொல்லிச்சே."

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணாச்சி. அதெல்லாம் சரி பண்ணியாச்சி."

சாயம் ஏற்றி எடுத்த ஸ்கேன் படத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். வெளிச்சமாகத் தெரியும் ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டு அவள் புரோகிராம் சிவப்புக் கோடு போட்டபடியே போகும். ரத்தம் நிற்கும் இடத்தில் கோடும் நிற்கும்.

அன்று வந்தவர் கிளைட்டன். தருவைகுளத்துக்காரர். கடலுக்கடியில் மூழ்கிச் சங்கு குளிப்பவர். இடது கால் மூன்று மாதமாக மரத்துக் கிடந்தது. பாதத்துக்கு ரத்தம் போகவில்லை என்றால் மறுநாளே முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிடுவார்கள்.

"வலிக்குதா அண்ணே?"

"ஒண்ணும் தெரியல தங்கச்சி." அவர் முகமும் மரத்துத்தான் இருந்தது. "எஸ்றா போன அன்னைக்கே இப்படி ஆயிட்டு."

செந்தூர்பாண்டி அவள் காதோரம் குனிந்தார். "எஸ்றா கூடக் குளிக்கப் போற கூட்டாளி. அடியில இவருக்குக் காத்துக்குழாய் அத்துப்போச்சி. அவந்தான் இவரு கணுக்காலப் பிடிச்சு மேல தள்ளி விட்டிருக்கான். இவரு வந்துட்டாரு. அவன் வரல. உடம்பும் கிடைக்கல."

ஸ்கேன் முடிந்தது. சக்கர நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கமாகவே நிறுத்தினார்கள். அனுசியா தொடையில் புள்ளி வைத்தாள்.

கோடு இறங்கியது. முழங்காலுக்குக் கீழே நின்றது.

அடைப்பு.

ஆனால் பாதத்தில் வெளிச்சம் இருந்தது. சாயம் எப்படியோ வந்திருந்தது. எந்த வழியாக? பாதத்தில் இன்னொரு புள்ளி வைத்தாள். கோடு கணுக்கால்வரை ஏறியது. அங்கே தோலைத் தாண்டி வெளியே வந்தது.

காற்றில்.

ஐந்து மெல்லிய கிளைகள் கணுக்காலைச் சுற்றி வளைந்திருந்தன. அவை ஒன்றாகச் சேர்ந்து, மணிக்கட்டுப் பருமனில் கீழே இறங்கி, படத்தின் ஓரத்துக்குப் போயின. படம் அங்கே முடிந்தது. கோடு முடியவில்லை.

"எஸ்றா கைதான் அது," கிளைட்டன் மெதுவாகச் சொன்னார். "இன்னும் விடல."

அப்போது டாக்டர் ஜெயபிரியா உள்ளே வந்து அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். "சூடாத்தான் இருக்கு. எனக்கே புரியல. ஒன் புரோகிராம் என்ன சொல்லுது அனுசியா?"

கட்டில் கம்பி கூத்துக்குப் பிறகு அவள் ஒரு பட்டன் சேர்த்திருந்தாள். தோலுக்கு வெளியே வரும் எதையும் அது அழித்துவிடும். வெளியே இருப்பது ரத்தக்குழாயாக இருக்க முடியாதே.

அழுத்தினாள்.

கை போய்விட்டது. எதோடும் சேராமல் நின்ற பாதத்தின் கோடுகளைப் புரோகிராம் தூசி என்று நினைத்துத் தானாகவே துடைத்துவிட்டது.

"பாதத்துக்கு ரத்தம் இல்ல மேடம்," என்றாள். வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

கிளைட்டன் குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் அவர் காலை எடுத்துவிட்டார்கள். மத்தியானம் அனுசியா வார்டுக்குப் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. போர்வை இடது பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"வலியெல்லாம் இல்ல தங்கச்சி," என்றார் கிளைட்டன். உதடு நீலம் பாரித்திருந்தது. "மூச்சுத்தான் முட்டுது. கீழ போயிக்கிட்டே இருக்க மாதிரி இருக்கு."

"டாக்டரக் கூப்பிடட்டுமா?"

"மேல தள்ளிவிட ஆளில்லல்லா."

சாயங்காலம் இறந்துபோனார். நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது என்று ஜெயபிரியா போனில் சொன்னார். "சரி மேடம்," என்று அனுசியா போனை வைத்தாள். அழுகை வரவில்லை. சாப்பிட்டாள். தூங்கினாள்.

மூன்றாம் நாள் காலை. முதல் ஆள் வருவதற்கு முன் மெஷினைச் சரிபார்க்க, ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் நிரப்பிக் கட்டிலில் வைத்து ஸ்கேன் எடுப்பது வழக்கம். செந்தூர்பாண்டி எடுத்தார்.

அனுசியா புள்ளி எதுவும் வைக்கவில்லை. படத்தின் கீழ் ஓரத்திலிருந்து சிவப்புக் கோடு தானாக ஏறியது. கால் வைக்கும் இடத்தில் ஐந்தாகப் பிரிந்தது.

"ஏம்மா," செந்தூர்பாண்டியின் குரல் இறங்கிவிட்டது. "அந்த அழிக்கிற பட்டன அமுக்கு."

"அமுக்கித்தான் இருக்கு அண்ணாச்சி."

அவர் மறுபடி எடுத்தார். விரல்கள் இடம் மாறியிருந்தன. கட்டிலின் நடுவில், நோயாளியின் இடுப்பு வரும் இடத்தில் இருந்தன.

மூன்றாம் தடவை எடுத்தார்.

கட்டிலின் கடைசிவரை ஆளைத் தேடித் தடவிப் பார்த்துவிட்டதுபோல, கால் வைக்கும் இடத்துக்கே திரும்பி வந்திருந்தது அந்தக் கை. உள்ளங்கை மேலே பார்த்தபடி, ஐந்து விரலும் விரிந்து, தூக்கிவிடத் தயாராக நின்றது.

வெளியே முதல் நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.