இழுத்து வந்தது யார்?

"என் வீட்டுக்காரி பொய் சொல்றா சார். அதை நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

வாசலில் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்த பள்ளி வேன் டிரைவர், உட்காரச் சொல்வதற்கு முன்பே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மச்சான் உடனே பேப்பரை மடித்து வைத்தார். சலவைக் கடையை ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு அவர் தினமும் அக்கா வீட்டுக்கு வருவதே இந்த மாதிரிச் சமாச்சாரங்களுக்காகத்தான்.

அக்காவின் கணவர் ஓய்வு பெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர். வண்டிகளைச் சோதித்து, ஓட்டுகிறவர்களையும் சோதித்து லைசென்ஸ் கொடுத்தவர். வேலையை விட்ட பிறகும் ஊரில் எந்தக் குழப்பம் என்றாலும் ஜனங்கள் இவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அதே வீட்டில் அதே கூடத்தில் மச்சானும்தான் உட்கார்ந்திருக்கிறார், அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதில் மச்சானுக்கு உள்ளூர வயிற்றெரிச்சல் உண்டு. வெளியே மட்டும் "அத்தான், அத்தான்" என்று உருகுவார்.

"உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஹெவி லைசென்ஸுக்கு மூணு தடவை உங்ககிட்ட வந்தேன் சார். முதல் தடவை, செருப்போட லாரி ஓட்டக் கூடாது, ஷூ போட்டுட்டு வாய்யான்னு திருப்பி அனுப்பிட்டீங்க. ரெண்டாவது தடவை ரிவர்ஸ்ல கம்பத்தை இடிச்சேன். மூணாவது தடவையும் அதே கம்பம். உங்க கண்ணுல எதுவும் தப்பாதுன்னு எனக்குத் தெரியும். அதான் வந்தேன்."

விஷயம் இதுதான். அவர் மனைவி ரெக்கவரி ஆபீஸ் ஒன்றில், அதாவது வழியில் நின்றுபோகும் வண்டிகளை இழுத்து வரும் ஆபீஸில், போன் எடுக்கும் வேலை பார்க்கிறார். நேற்று டிரைவர் வெளியூரில் இருந்தார். அவருடைய காரை எடுத்துக்கொண்டு மனைவி வேலைக்குப் போனார். பாலத்துக்கு முன்னால் கார் நின்றுவிட்டது.

"ஆபீஸ் லாரி வந்து கயிறு கட்டி இழுத்துச்சாம். இவ காருக்குள்ள ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாளாம். பெருமை வேற! 'பாலம் நல்ல ஏத்தம், செகண்ட் கியர்ல மெதுவா ஏத்துனேன், கயிறு ஒரு தடவைகூடத் தொய்யலை'ங்கிறா. இன்னைக்குக் காலையில அவ ஆபீஸ் ஷெட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன், டிரைவர் சீட்டு கடைசி வரைக்கும் பின்னாடி தள்ளியிருக்கு. அவ குட்டை சார். அப்படி உட்கார்ந்தா அவளுக்குப் பிரேக்கே எட்டாது. கண்ணாடி கூரையைப் பார்த்துட்டு இருக்கு. சீட்டுக்கு அடியில அவ செருப்பு கிடக்கு. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு எங்க சார் போனா?"

"யாரைச் சந்தேகப்படறீங்க?"

"அந்த ஷெட்டுல ஒரு மெக்கானிக் இருக்கான். நெட்டைன்னு கூப்பிடுவாங்க. இவ வீட்டுக்கு வந்தாலும் அவன் பேச்சுதான். நெட்டை இப்படிச் சொன்னான், நெட்டை அப்படிச் சிரிச்சான்." டிரைவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சாயங்காலம் அவளை அவங்க அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுடறதுன்னு முடிவு பண்ணிட்டேன் சார். அதுக்கு முன்னாடி உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுடணும்."

மூவரும் ஷெட்டுக்குப் போனார்கள். போன் அடித்தால் எடுக்க வாசலில் ஒரு மேஜை. மனைவி அங்கே இல்லை, லாரியும் வெளியே போயிருந்தது. தூக்கிச் செல்லும் கிரேன் பழுதாகி ஓரமாக நின்றது. காரின் பின்பக்கம் அடியில் காலை நீட்டிப் படுத்திருந்த நெட்டை, இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்துகொண்டே இருக்கிறாரோ என்று மச்சானுக்குத் தோன்றியது, அவ்வளவு உயரம்.

இன்ஸ்பெக்டர் காரைத் தொடவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். முன்னால் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் ஒரு பழைய டிவி பெல்ட்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. பின்சீட்டு முழுக்கப் பெயின்ட் டப்பாக்கள்.

"இதெல்லாம் யார் வெச்சது?"

"நான்தான் சார். டிவியை ரிப்பேருக்குக் குடுக்கணும், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஏத்தி வெச்சேன். முடிச்சுகூட நான் போட்டதுதான், அப்படியே இருக்கு."

மச்சானுக்குப் பொறி தட்டியது. அத்தானை முந்திக்கொள்ள இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்குமா?

"கண்டுபிடிச்சுட்டேன்! இந்தக் காருல ஒரே ஒரு ஆள்தான் உட்கார முடியும். அது உயரமான ஆளு. அப்படின்னா அந்த அம்மா காருக்குள்ளேயே இல்லை. லாரியில இருந்திருக்காங்க, லாரி டிரைவரோட!"

"ரெண்டு பேரா?" என்று அலறிய வேன் டிரைவர் அங்கிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். குண்டைத் தூக்கிப் போட்ட மச்சான் அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல் விழித்தார்.

"பாதி சரி மாப்ளே" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு நெட்டையிடம் திரும்பினார். "காருல உட்கார்ந்து வந்தது நீங்கதானே?"

நெட்டை கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஆமா சார். அக்கா சொல்லக் கூடாதுன்னாங்க."

"அக்காவா?" என்றார் டிரைவர்.

"அக்காதான். அதுல உங்களுக்கு என்ன சந்தேகம்?" இன்ஸ்பெக்டர் டிரைவருக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "கயிறு கட்டி இழுக்கிற காரை ஆள் இல்லாம விடக் கூடாது. உள்ளே லைசென்ஸ் வெச்சிருக்கிற ஒருத்தர் உட்காரணும். சட்டம் அது. சாவியைத் திருப்பி வைக்கணும், இல்லேன்னா ஸ்டியரிங் பூட்டிக்கும். இன்ஜின் ஓடாததால பிரேக்கு கல்லு மாதிரி இறுகிக்கும், மிதிக்கக் காலுல பலம் வேணும். அதனால பலசாலி பின்வண்டியில உட்கார்ந்தார், சீட்டைத் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி. இதுல ஒளிக்க என்ன இருக்கு? எதுக்காக உங்க வீட்டம்மா பொய் சொன்னாங்க? அதுதான் கேள்வி."

"அதான் நானும் கேட்கிறேன்!"

"பதிலை நீங்களே கொண்டுவந்தீங்க. பாலத்துல செகண்ட் கியர்ல ஏத்துனேன்னு சொன்னாங்கன்னீங்க. இழுபடற கார் என்ன கியர்ல இருக்கும்?"

"நியூட்..." டிரைவர் பாதியில் நிறுத்தினார்.

"நியூட்ரல். பின்னாடி இருக்கிறவருக்குக் கியரே கிடையாது. தினமும் வண்டி ஓட்டுற உங்களுக்கு இது தெரியாதா? தெரியும். நெட்டையை நினைச்சு நினைச்சுக் காது அடைச்சுப் போச்சு. கயிறு தொய்யாம, வெட்டி இழுக்காம கொண்டுபோறது முன்வண்டிக்காரர் கை. அதைப் பெருமையா சொல்றவங்க எங்க உட்கார்ந்திருப்பாங்க?"

டிரைவர் டயரிலிருந்து எழுந்து, லாரி நிற்கும் காலி இடத்தைப் பார்த்தார்.

"செருப்பு ஏன் காருல கிடந்தது? காரை ஓட்டுறப்போ செருப்புப் போட்டிருந்தாங்க. நெட்டை கொண்டுவந்த லாரியில ஏறும்போது ஷூவுக்கு மாறினாங்க. அந்த விதி உங்களைவிட நல்லா யாருக்குத் தெரியும்?"

அப்போதுதான் தெருவில் லாரி வந்தது. ஷெட்டின் வாசல் குறுகல், இரண்டு பக்கமும் இரும்புத் தூண்கள். லாரி ஒரே வளைவில் பின்பக்கமாக வந்து, எந்தத் தூணையும் உரசாமல் உள்ளே நின்றது. ஷூ போட்ட குட்டையான ஒரு பெண் கதவைத் திறந்து குதித்தார். கணவரைப் பார்த்ததும் கையிலிருந்த சாவியை முந்தானைக்குள் மறைத்தார்.

வேன் டிரைவர் முதலில் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அந்த இரண்டு தூண்களையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"ஹெவி எப்ப எடுத்தே?"

"ஆறு மாசமாச்சு."

"எத்தனாவது தடவை?"

மனைவி ஷூவின் கயிற்றைச் சரிசெய்யக் குனிந்தார். டிரைவர் விடவில்லை. "எத்தனாவது தடவைன்னு கேட்டேன்."

"முதல் தடவை."

டிரைவரின் முகம் கறுத்தது. அந்தக் கறுப்பு மச்சானுக்கு நன்றாகத் தெரிந்த கறுப்பு. அத்தானைத் தேடி ஆள் வரும் ஒவ்வொரு நாளும் அவர் அதைத்தான் கண்ணாடியில் பார்த்தார். சந்தேகமாவது விசாரித்தால் தீரும், இது தீராது என்று நினைத்தபோது அவருக்கே தன்மேல் வெட்கமாக இருந்தது.

"இதுக்குத்தான் சொல்லலை" என்றார் மனைவி. "என்னை எவனோடவோ சேர்த்துச் சந்தேகப்பட்டுட்டு வந்திருக்கீங்க, புரியுது. அப்பக்கூட உங்க முகம் இவ்வளவு கறுத்திருக்காது."

"உனக்கு யாரு கத்துக்குடுத்தது? இவனா?"

"நீங்கதான்."

"நானா?"

"ஒவ்வொரு தடவை ஃபெயில் ஆனப்பவும் சாப்பிட உட்கார்ந்து, எங்க திருப்பினேன், எங்க தப்பு பண்ணேன், எப்படித் திருப்பியிருக்கணும்னு ராத்திரி பூரா சொல்லுவீங்களே. நீங்க சொல்லிட்டு மறந்துட்டீங்க. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

மேஜையில் போன் அடித்தது. மனைவி எடுத்துப் பேசிவிட்டு வைத்தார். "ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல ஒரு கார் நின்னுடுச்சாம், ரோடே அடைச்சுப் போச்சாம். காரோட ஓனருக்குக் கையில கட்டு, ஓட்ட முடியாது."

நெட்டை எண்ணெய்க் கைகளை உயர்த்திக் காட்டினார். அவர் பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிப் பாதியில் வைத்திருந்தார்.

மனைவி கணவரைப் பார்த்தார். "பின்வண்டியில உட்கார லைசென்ஸ் உள்ள ஆள் வேணும். வர்றீங்களா?"

"பின்னாடியா?"

"பின்னாடிதான்."

டிரைவர் லாரியைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. டிரைவர் சுற்றிப் போய் லாரியின் அடுத்த கதவில் ஏறிக்கொண்டார்.

அத்தானும் மச்சானும் பேசியபடி பாலத்தின் மேல் நடந்து திரும்பிக்கொண்டிருந்தபோது லாரி அவர்களைக் கடந்து ஏறியது. பின்னால் கயிறு நேராக இருந்தது. அதன் மறுமுனையில் யாருடைய காரிலோ வேன் டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஏற்றம் செங்குத்தான இடத்தில் லாரி கியர் மாறும் சத்தம் கேட்டது. டிரைவரின் கை தன்னை அறியாமல் கியர் கம்பியைத் தேடிப் போனது. போன கையை அவர் திரும்ப எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார்.