ரோகிணியை நடுவில் வை

பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஸ்ம்ருதி மொட்டைமாடிக்குத் திரும்பியபோது தொலைநோக்கி ஒரு சாண் திரும்பியிருந்தது. கால் மணிக்கு முன்புதான் ராஜகோபுரத்துக் கலசம் ஒன்றைக் கண்வில்லையின் நடுவில் நிறுத்தி, மேலே பொருத்தியிருந்த, குறிபார்க்கும் சின்னக் குறிக்குழாயையும் அதே கலசத்துக்குத் திருகிச் சரிசெய்துவிட்டுக் கீழே போயிருந்தாள். ஸ்ரீரங்கத்தில் யார் தொலைநோக்கி வாங்கினாலும் வெளிச்சம் போவதற்குள் இதைத்தான் செய்வார்கள்; அவ்வளவு உயரத்தில் அசையாமல் நிற்பது ஊரில் வேறு என்ன இருக்கிறது? இப்போது குழாய் கோபுரத்தை விட்டு விலகி, வலப்பக்கத்து வீட்டு மாடிகளைப் பார்த்தபடி இருந்தது.

காதில் இயர்போன் வழியாக அவள் கணவன் ரங்கா இருந்தான். புது அலுவலகத்தின் பயிற்சிக்காகச் சென்னையில் பத்து நாள். மோட்டார் ஓடினால் குழாய் வானத்தோடு சேர்ந்து நகரும், கோபுரம் நகராது, அவ்வளவுதான் என்றான். கால் மணியில் வானம் ஒரு சாண் நகருமா என்று ஸ்ம்ருதி கணக்குப் போட்டிருக்கலாம். தில்லை நகர் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்பவள், சொட்டுக் கணக்குக்கே சண்டை போடுகிறவள். ஆனால் ரங்கா சொல்வதை நம்புவது என்று முடிவெடுத்திருந்தாள், முடிவெடுத்த பிறகு கணக்கு எதற்கு?

போன வருஷம் வேலை போனதை அவன் நாலு மாசம் மறைத்தான். தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி ஏதோ பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்தான். அவள் தெரிந்துகொண்டது பக்கத்து வீட்டு மாமியின் வாயிலிருந்து. புத்தூரில் அப்பா வீட்டுக்குப் போனவளை, இனி ஒரு சின்ன விஷயத்தைக்கூட மறைக்க மாட்டேன் என்று பெருமாள் மேல் ஆணையிட்டுத்தான் அழைத்து வந்தான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் இந்த வீட்டில் இருந்தாள். அது பொய்த்தால் திரும்பிப் போகக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

தொலைநோக்கியும் சமாதானத்துக்காக வாங்கியதுதான். பெட்டியையே பிரிக்கவில்லை, முதல்முதலாக நீதான் பார்க்கணும் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனான்.

அம்மாமண்டபம் சாலையில் ஆட்டோக்கள் இரைந்தன. காவிரிப் பாலத்தின் மேல் ஒரு ரயில் நிதானமாகப் போயிற்று. யார் வீட்டிலோ நெய்யில் மிளகு பொரியும் வாசனை எழுந்து, அதற்கடியில் இன்னொரு வாசனையும் வந்தது, நாள்கணக்கில் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் வருவது. ஏழு மணி தாண்டியதும் நட்சத்திரங்கள் ஒன்றிரண்டாகத் தெரிந்தன. கோபுரத்துக்கு விளக்குப் போட்டார்கள். அவள் தொலைநோக்கியின் கைக்கருவியை எடுத்து ஊர், நேரம், தேதி என்று ஒவ்வொன்றாகப் பதிந்தாள். இரண்டு நட்சத்திரங்களைக் காட்டிக் கொடுத்தால் போதும், மற்றதை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று ரங்கா சொல்லியிருந்தான். காட்டியது சரியா தப்பா என்று அதற்குத் தெரியாதாம். நாம் சொல்வதை அப்படியே நம்புமாம்.

முதல் நட்சத்திரம் எது என்று கருவி கேட்டது. கேட்பதற்கு முன், கடைசியாகக் காட்டியதைத் திரையில் ஒரு கணம் காண்பித்தது. ஸ்பைகா. நம் ஊர்க் கணக்கில் சித்திரை. ரங்காவின் ஜன்ம நட்சத்திரம். கூடவே தேதியும் இருந்தது, அவன் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்.

பிரிக்காத பெட்டி. ஸ்ம்ருதி அவனிடம் கேட்டாள். கடையில் சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்று பதில் வந்தது, கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது. பழைய ரங்கா பூசி மெழுகும்போதும் இதே வேகம்தான். இவ்வளவு அற்ப விஷயத்துக்கா ஆணையை உடைத்தான் என்று நினைத்தபோது அவளுக்குப் பயத்தைவிட அழுகைதான் வந்தது.

“அதை விடு. ரோகிணியை நடுவில வை,” என்றான் ரங்கா. “உன் நட்சத்திரம். முதல்ல அதுதான்.”

ரோகிணி அநேகமாக உச்சியில் இருந்தது, செம்மண் நிறத்தில். பொத்தான்களை அழுத்தி அழுத்திக் குழாயை நிமிர்த்தி, அந்தப் பொட்டைக் குறிக்குழாயில் பிடித்து, பிறகு கண்வில்லையின் நடுவுக்குக் கொண்டுவந்தாள். ஏற்றுக்கொள் என்ற பொத்தானில் விரல் பதிந்த அதே நொடியில் காதில் ரங்காவின் குரல் தணிந்து கேட்டது.

“ஸ்ரீவத்ஸ கோத்ரம், ரோகிணி நட்சத்ரம், ஸ்ம்ருதி.”

சன்னிதியில் அர்ச்சனைக்குச் சொல்வது அப்படித்தான். எப்போதும் தன் பெயருக்கு முன்னால் அவள் பெயரைத்தான் சொல்வான், அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு. இங்கே எந்தச் சன்னிதி? யாருக்கு அர்ச்சனை? என்ன சொன்னேள் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றான்.

அடுத்தது சிரியஸ் நட்சத்திரம். அதற்கான பொத்தானை அழுத்தினாள். தென்கிழக்கே பாதி வானத்துக்குப் போக வேண்டிய குழாய், உறுமிக்கொண்டு வடக்கே திரும்பிக் கீழே இறங்கிற்று. இறங்கி, கோபுரத்துக்கு வலப்பக்கம் நின்றது. மாலையில் தானாகத் திரும்பி நின்ற அதே இடம்.

குனிந்து பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் கோபுரத்தின் ஓரம், ஒரு மாடிக் கைப்பிடிச்சுவர், காய்கிற புடவை. நடுவில் ஒரு மனிதர். வெள்ளை வேஷ்டி, சட்டையில்லாத உடம்பு, கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ சாப்பிட்டுவிட்டுக் காற்று வாங்க வந்திருக்கிறார். அவளுக்கு மூச்சு வந்தது. சிரித்துக்கூடக் கொண்டாள்.

பிறகு புடவையைப் பார்த்தாள். அது கொடியிலிருந்து மேல்நோக்கித் தொங்கியது.

இந்த வகைத் தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். சாயங்காலம் கலசங்கள் எல்லாம் கீழ்நோக்கித்தான் இருந்தன. இப்போதும் அப்படித்தான் இருந்தன. மாடி மேலே, வானம் கீழே. அந்த மனிதர் மட்டும் நேராக நின்றார். அவர் பாதங்கள் வானத்தில் இருந்தன. தலைமுடி செங்குத்தாக எழுந்து நின்றது.

அப்படியென்றால் அங்கே, நிஜத்தில், அவர்தான் தலைகீழ்.

கண்ணை எடுத்தாள். வெறும் கண்ணுக்கு மாடிகளும் விளக்குகளும் மட்டும்தான்.

“ரங்கா, நீங்க இதை முன்னாடியே பார்த்தேளா?”

அந்தப் பக்கம் ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“சென்னைக்கு வரதுக்கு முன்னாடி ஒரு நாள் பார்த்தேன்,” என்றான். “அன்னிலேர்ந்து எங்கே போனாலும் என்னைத்தான் பார்த்துண்டிருந்தது, ஸ்ம்ருதி. இங்கேயும் வந்துடுத்து. இப்போ இல்லை. ஜன்னல்ல இல்லை. அங்கேயா இருக்கு?”

கடைசிக் கேள்வியில் இருந்தது சந்தோஷம். ஒளித்து வைக்கக்கூட அவன் முயலவில்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று ஊரில் சாதாரணமாகச் சொல்வார்கள். அறுக்கும்போது இவ்வளவு குளிரும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. என் பேரைச் சொல்லிக் கொடுத்துட்டேளா என்று கேட்க வாயெடுத்தாள். இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

குழாய் நகர்ந்தது. மெதுவாக, எதையோ பின்தொடர்கிற மாதிரி. அந்த மாடியிலிருந்து அடுத்த மாடி. தண்ணீர்த்தொட்டி. தென்னை. தெரு. திரையில் குழாயின் உயரம் காட்டும் எண்கள் ஏறின. பத்து பாகை. பதினெட்டு. முப்பது.

மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. மோட்டார் நின்றது.

குழாய் நிற்கவில்லை.

மாடிப்படிக் கதவு பத்தடி தள்ளி இருந்தது. பத்தடிதான். பிடுங்கிய கம்பி இன்னும் அவள் கையில் இருந்தது. கிணற்று வாசனை இப்போது தலைக்கு மேலிருந்து வந்தது. குழாய் நிமிர்ந்துகொண்டே போய், செங்குத்தாக ஆகி, நின்றது.

உச்சியில் ரோகிணி இல்லை. அது இருந்த இடத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இருட்டு.

இனி நிமிர்ந்து பார்க்க மாட்டேன் என்று ஸ்ம்ருதி குழாயின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. இன்னொன்று. பிறகு நனைந்த முடி இறங்கியது, சத்தமில்லாமல், குழாயின் திறந்த வாயைச் சுற்றி. முடிக்குப் பின்னால் உச்சந்தலை. நெற்றி. கண்கள் அவள் கண்களுக்கு நேரே வந்ததும், இறங்குவது நின்றது.