ஏழாம் கல்லில் நின்ற தண்ணீர்

தேக்கா வட்டாரத்தில் மசாலா மில்லுக்கு மேல்மாடியில் குடியிருந்த அம்பலவாணரைத் தேடி வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் பேசுவார்கள். அன்று காலை வந்த பெண் தும்மவில்லை. அழுது அழுது அவள் மூக்கு அடைத்துப் போயிருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டவர் ஒலி முகம்மது. டாக்சி ஓட்டுவது அவர் தொழில். அம்பலவாணரின் வழக்குகளில் மூக்கை நுழைப்பது அவர் ஆசை. துறைமுகத்தில் அலை அளக்கும் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற அம்பலவாணருக்குத் துப்பறிவது பொழுதுபோக்கு. ஒலி முகம்மதுவுக்கோ அது உயிர்.

"என் பேரு கண்மணிங்க. ஜூரோங் பக்கம் சுங்கை கெத்தாம் காட்டுக்கு என் வீட்டுக்காரர் கோவிந்தசாமிதான் காவலாளி. பதினெட்டு வருஷ சர்வீஸ். இப்ப அவரே மரத்துக்கு விஷம் வச்சுக் கொன்னுட்டாருன்னு வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. பதினாலு நாள்ல குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணுமாம். நாலு நாள் போயிருச்சு."

"யாரு சொன்னது விஷம்னு?" என்றார் ஒலி முகம்மது.

"ஜேசுதாசன் ஐயா. காட்டு அதிகாரி. எங்க வீட்டுக்குப் பின்னால இருக்கிற கொட்டகையில விஷ டின்னு கிடைச்சுதுன்னு எழுதிட்டாரு. விறகுக்காரங்களுக்கு விக்கிறதுக்காக அவரு மரத்தைச் சாகடிச்சாராம்."

வேலை நீக்கக் கடிதத்தோடு இணைத்திருந்த அறிக்கையின் நகலை அவள் நீட்டினாள். அம்பலவாணர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மெல்லப் படித்தார்.

'மார்ச் முதல் தேதி, 1962. காலை பத்தரை மணி, ஓதம் இறங்கிய வற்று நேரம். ஏழாம் எண் எல்லைக் கல்வரை உலர்ந்த சேற்றில் நடந்து சென்று பார்வையிட்டேன். அப்பி அப்பி எனும் அலையாத்தி மரங்கள் நானூற்றுப் பன்னிரண்டும் இலையுதிர்ந்து இறந்துள்ளன. நஞ்சிட்டதற்கான அறிகுறி தெரிகிறது. இப்பகுதியை வனமாக வைத்திருப்பதில் இனிப் பயனில்லை.'

"மார்ச் முதல் தேதி உம்முடைய புருசன் எங்கே?"

"கிராஞ்சியில. பிப்ரவரி மூணாம் தேதியிலிருந்து ஏழு வாரம் அங்க மாத்திட்டாங்க, ஆள் குறைச்சல்னு. அதுக்கு முன்னாடியே விஷம் வச்சுட்டுப் போயிட்டாருன்னு சொல்றாங்கய்யா."

"மாத்தினது யார்?"

"ஜேசுதாசன் ஐயாதான்."

ஒலி முகம்மது கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "ஐயா, ஆளைப் பிடிச்சாச்சு லா!"

"சட்டையில பொத்தானைப் போடும் முதல்ல. மரங்களைப் பார்ப்பம்."

ஏப்ரல் கடைசி வெயில். ஜூரோங் சாலையில் செம்மண் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டே டாக்சி போயிற்று. குன்றுகளை வெட்டிக் கடலோரத்தை மேடாக்கிக்கொண்டிருந்த காலம் அது. சேறு இருந்த இடத்தில் தொழிற்சாலை வரும் என்று பேப்பரில் தினம் ஒரு படம்.

கோவிந்தசாமி முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு முன்னே நடந்தார். ஒல்லி மனிதர். அதிகம் பேசவில்லை. ஏழாம் கல்லை நெருங்கியதும் நின்றுவிட்டார்.

நானூறு மரங்களும் மொட்டையாக நின்றன. சுற்றிலும் தரையில் பென்சிலை நட்டு வைத்ததுபோல ஆயிரக்கணக்கில் வேர்முனைகள் மேல்நோக்கி முளைத்திருந்தன. ஒலி முகம்மது ஒன்றைத் தொட்டார். அது அழுகிய வாழைத்தண்டுபோல நசுங்கியது.

"இதுலதாங்க மரம் மூச்சு வாங்கும்" என்றார் கோவிந்தசாமி. "சேத்துக்குள்ள காத்து கிடையாது. ஓதம் ஏறும்போது மூக்கைப் பொத்திக்கும், இறங்கினதும் திறந்துக்கும். தினம் ரெண்டு வாட்டி. இந்த வேருக்கு நடுவுலதான் இறால் குஞ்சு, மீன் குஞ்சு எல்லாம் வளரும். இந்த மரம் நின்னாத்தான் கரை நிக்கும்."

"விஷம் எப்படி வைக்கிறது?"

"அடிமரத்துல சுத்தி வளையமா பட்டையைக் கொத்தணும். அந்தக் காயத்துல ஊத்தணும். சும்மா மேல தெளிச்சா மரம் சாகாதுங்க."

அம்பலவாணர் மரம் மரமாகச் சுற்றி வந்தார். ஒன்றில்கூடக் கொத்திய காயம் இல்லை. அவர் பார்வை வேறொன்றில் நின்றது. எல்லா மரத்திலும் இடுப்பு உயரத்தில் ஒரு சேற்றுக்கோடு, நூல் பிடித்து வரைந்ததுபோல ஒரே மட்டத்தில் ஓடியது. கோட்டுக்கு ஒரு சாண் மேலே செத்துக் காய்ந்த நத்தை ஓடுகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன.

"நத்தை ஏன் மேலே ஏறிச் செத்துது, கோவிந்தசாமி?"

"ஓதம் ஏறும்போது ஏறும். இறங்கினதும் கீழ வந்து சேறு திங்கும்." அவர் குழம்பிப்போய்த் தலையைச் சொறிந்தார். "ஏன் இறங்கலைன்னு தெரியலீங்களே."

வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் அந்த டின் இன்னும் இருந்தது. ஒலி முகம்மது அதைத் தூக்கிப் பார்த்தார். கனத்தது. மூடியில் ஈய முத்திரை உடையாமல் இருந்தது.

"திறக்காத டின்னிலிருந்து விஷம் எடுத்த ஆளா நீங்க! மந்திரவாதி லா" என்றார். கோவிந்தசாமி சிரிக்கவில்லை.

அந்தக் காட்டுத்துண்டு பழைய இறால் குட்டையின் வரப்புக்கு உள்ளே இருந்தது. ஆற்றுநீர் வரவும் போகவும் ஒரே ஒரு மதகுதான் வழி. மதகுக்கு அருகே நண்டுக் கூண்டு பின்னிக்கொண்டிருந்த அப்துல் மஜீது, முன்பு அதே குட்டையில் வேலை பார்த்தவர்.

"அஸ்ஸலாமு அலைக்கும் பாய்!" என்று ஒலி முகம்மது உட்கார்ந்துகொண்டார். ஐந்து நிமிடத்தில் இருவரும் நாகூர்ப் பக்கம் ஒரே தெருவுக்கு உறவு என்று தெரிந்துவிட்டது. அம்பலவாணர் காத்திருந்து கேட்டார். "குட்டையை எப்ப விட்டியள்?"

"சீனப் பெருநாளுக்கு முன்னாடியே எங்க முதலாளி தவுக்கே குத்தகையை விட்டுட்டாருங்க. மதகுப் பலகை எல்லாத்தையும் உருவி வெளியில அடுக்கிட்டேன். தண்ணி பாட்டுக்கு வந்துட்டுப் போகட்டும்னு. ரெண்டு நாள் கழிச்சு வந்து பார்த்தா, யாரோ பலகையைத் திரும்பப் போட்டு, இடுக்கில களிமண்ணும் அப்பியிருந்தாங்க. உள்ள இடுப்பளவு தண்ணி. ஆபிஸ்காரங்க ரிப்பேர் பாக்குறாங்கன்னு நினைச்சேன்."

"எத்தினை நாள் நிண்டது?"

"எனக்கு நல்லதாப் போச்சு போங்க. ஆத்துல இறங்கினா சேறு. நோன்பு முழுக்க இந்த வரப்புல உட்கார்ந்து அந்தத் தண்ணியிலதான் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செஞ்சேன். நோன்புப் பெருநாள் கழிஞ்சு ஒரு வாரத்துல பலகையை எடுத்துட்டாங்க."

"மரங்கள்?"

"நோன்புல பச்சையாத்தான் இருந்துச்சு. நிழல்ல படுத்துத் தூங்கியிருக்கேனே. தண்ணி இறங்கினதுக்கு அப்புறம்தான் மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பிச்சுது."

"இதை ஏன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"யாரும் கேக்கலையே."

டாக்சியில் ஏறியதும் அம்பலவாணர் கண்ணை மூடிக்கொண்டார். "எல்லாம் கிடைச்சிட்டுது, ஒலி."

"எனக்கு ஒண்ணுமே கிடைக்கலையே!"

"உமக்குத்தான் முதல்ல கிடைச்சிருக்க வேணும்" என்றார்.

மூன்றாம் நாள், அம்பலவாணர் கேட்டுக்கொண்டபடி, கரையோரக் காட்டு அலுவலகத்தின் நீண்ட மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணை அதிகாரி பரமசிவம் தலைமை. ஒருபுறம் அம்பலவாணர், கோவிந்தசாமி, கண்மணி, நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த அப்துல் மஜீது. எதிரே ஜேசுதாசன்: நரைத்த கிருதா, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அவருக்குப் பின்னால் அலமாரி நிறைய அவரே எழுதிய குறிப்பேடுகள். ஒலி முகம்மதுவுக்கு நாற்காலி இல்லை. கதவோரம் நின்றார்.

"இருபது வருசமா காட்டுக் குறிப்பேடு எழுதுறியள், என்ன?" என்று அம்பலவாணர் தொடங்கினார்.

"ஓம்."

"மார்ச் முதல் தேதி ஏழாம் கல்லுக்கு நடந்து போனியளோ?"

"அறிக்கையில இருக்கே. பத்தரைக்கு வற்று. உலர்ந்த சேறு. சந்தேகமெண்டால் அலை அட்டவணையைப் பாருங்கோ. உங்களுடைய பழைய துறைமுகக் கந்தோர் அச்சடிச்சதுதானே." அவரே அட்டவணையைத் தள்ளினார்.

"அட்டவணை சரி. அன்றைக்குப் பத்தரைக்கு ஆத்தில வற்றுத்தான்." அம்பலவாணர் அதைத் தொடவில்லை. "ஒலி, இந்த வருசம் நோன்புப் பெருநாள் எந்தத் தேதி?"

"மார்ச் எட்டு. வியாழக்..." ஒலி முகம்மது நெற்றியில் படார் என்று அடித்துக்கொண்டார். "யா அல்லா! மார்ச் ஒண்ணாம் தேதி நோன்பு! மஜீது பாய் ஒளு செஞ்ச தண்ணி!"

"ஓம். மதகு அடைச்சிருந்தது. ஆறு வற்றினாலும் உள்ளே வற்றாது. அட்டவணைக்குக் கடல் தெரியும், மதகு தெரியாது. அந்த இடுப்பு மட்டச் சேத்துக்கோட்டை மரத்தில பார்த்தன். ஏறி இறங்குற ஓதம் அப்படி நேராக் கோடு போடாது. அஞ்சு கிழமை, ஒரு மாசத்துக்கு மேல, அசையாமல் நிண்ட தண்ணிதான் போடும். நத்தை மேலே ஏறி, இறங்க வழியில்லாமல் பட்டினி கிடந்து செத்துது. மரங்கள் மூச்சு முட்டிச் செத்துது. விஷமே வைக்கப்படேல்லை. கொத்தின காயம் இல்லை, டின்னில முத்திரை உடையேல்லை."

பரமசிவம் பேனாவை மூடினார். "அப்ப இவரு நேரில போகாம எழுதிட்டாரு. அதுக்காக இவரே கொன்னதா ஆகுமா?"

"ஆகாது. எங்கட கந்தோர்களில எத்தினையோ பேர் மேசையிலிருந்தே, அட்டவணையைப் பார்த்துக் காட்டுக் குறிப்பு எழுதுறவை. போகாத மனுசன் 'மரங்கள் நலம்' எண்டுதான் எழுதுவான். பச்சையா நிண்ட மரங்களை எண்ணி, நானூற்றுப் பன்னிரண்டும் செத்துது எண்டு சாகிறதுக்கு முன்னமே எழுதுறவன் யார்? சாகப்போகுது எண்டு தெரிஞ்சவன். அவனுக்குத் தண்ணியை மறைக்க வேணும். அதுதான் 'உலர்ந்த சேறு'. காவலாளியைக் கிராஞ்சிக்கு அனுப்பினதும் அதுக்குத்தான்."

கண்மணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜேசுதாசன் காசு வாங்கிய கதையை எதிர்பார்த்து ஒலி முகம்மது முன்னால் சாய்ந்தார்.

ஜேசுதாசன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"ஒருத்தனும் எனக்குக் காசு தரேல்லை. அந்தக் குறிப்பேடுகளை எடுத்துப் பாருங்கோ. இந்தக் காட்டில எத்தினை வகை நண்டு, எந்த மாசம் எந்த மீன் வந்து குஞ்சு பொரிக்கும், கரை எவ்வளவு கரையும், எல்லாம் எழுதினனான். இருபது வருசம். மேல அனுப்பினன். ஒருத்தரும் வாசிக்கேல்லை. போன டிசம்பரில மேலிடத்தில கூப்பிட்டு, நிலம் வேணும், சட்டப்படி விடுவிக்க மூண்டு வருசமாகும், நீர்தான் தடை ஜேசுதாசன் எண்டவை. ஓய்வுக்கு ஒரு வருசம் இருக்கு. தடையா இருந்து களைச்சுப் போனன்." அவர் சிரித்தார். பார்க்கச் சகிக்கவில்லை. "மதகை அடைச்சுப்போட்டு, செத்துப்போச்சு எண்டு ஒரே ஒரு பக்கம் எழுதினன். நிலத்தை விடுவிக்கிற உத்தரவில மூண்டு நாளில கையெழுத்து வந்திட்டுது. நான் எழுதினதில அவை வாசிச்சது அது ஒண்டுதான்."

"எம் பேரை ஏங்கய்யா இழுத்தீங்க?" என்று கோவிந்தசாமி கேட்டார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"எப்படிச் செத்துது எண்டு கேட்டாங்கள். ஒரு பேர் வேண்டியிருந்தது." ஜேசுதாசன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்சியில் ஒலி முகம்மது வழியெல்லாம் பாட்டுப் பாடினார். கண்மணி முதல்முறையாகச் சிரித்தாள். அம்பலவாணர் மட்டும், "கையெழுத்து வந்திட்டுது எண்டானே" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து ஆபிஸ் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால், படித்துச் சொல்ல அம்பலவாணரும் ஒலி முகம்மதுவும் சுங்கை கெத்தாமுக்குப் போனார்கள். மதகு இருந்த இடத்தில் லாரிகள் வரிசையாகச் செம்மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தன. வரப்பு தெரியவில்லை. ஏழாம் கல் எங்கே என்று கோவிந்தசாமியாலேயே காட்ட முடியவில்லை.

அம்பலவாணர் முதல் பத்தியைப் படித்தார். கோவிந்தசாமி குற்றமற்றவர், அவருடைய பதினெட்டு வருட உழைப்பு பாராட்டத்தக்கது, ஜேசுதாசன் முன்கூட்டியே ஓய்வில் அனுப்பப்பட்டுள்ளார்.

கண்மணி கை கூப்பினாள். "கடவுளே!"

அம்பலவாணர் இரண்டாம் பத்திக்கு வந்தவர் நின்றுவிட்டார். ஒலி முகம்மது எட்டிப் பார்த்தார். அவருக்கும் அந்த அளவு ஆங்கிலம் வரும்.

"படிங்கய்யா" என்றாள் கண்மணி.

"நிலத்தை விடுவிச்ச உத்தரவு செல்லுமாம். மரம் எப்படிச் செத்தாலும், செத்தது செத்ததுதானாம். காக்கிறதுக்குக் காடு இல்லாதபடியா..." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "காவலாளி வேலையை எடுத்துப்போட்டினம். குவார்ட்டர்ஸை மாசக் கடைசிக்குள்ள விட வேணும்."

லாரி ஒன்று பின்கதவைத் திறந்து மண்ணைச் சரித்தது.

"அப்ப இதுல குத்தவாளி யாருங்கய்யா?" என்று கண்மணி கேட்டாள். "அதையும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

அம்பலவாணர் கடிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார்.

"விடு கண்மணி" என்றார் கோவிந்தசாமி. "ஐயா நம்ம கேஸை ஜெயிச்சுக் குடுத்துட்டாரு. போய்ச் சாமானைக் கட்டு."