குளிக்கக் கூடாத முள்ளம்பன்றி

பட்டாணியின் வீட்டில் யாரும் வெறுங்காலோடு நிம்மதியாக நடந்ததில்லை.

அம்மா தையல்காரர். துணியில் குத்திய குண்டூசிகளைக் கழற்றி எங்கே வைப்பார் என்று அவருக்கே தெரியாது. நாற்காலியில் இருக்கும், சோப்பு டப்பாவில் இருக்கும். ஒருமுறை அப்பாவின் சட்டைக் காலரிலும் இருந்தது. "ஆ" என்று அப்பாவின் குரல் கேட்டால் போதும். "கிடைச்சிடுச்சா? பத்திரமா எடுத்து வைங்க" என்பார் அம்மா.

அந்த அம்மா வருகிற திங்கட்கிழமை சொந்தமாகத் தையல் கடை திறக்கப் போகிறார். கடை திறக்கும் நாளில் அம்மாவுக்குத் தன் கையால் ஒரு பரிசு கொடுத்தே தீருவது என்று பட்டாணி முடிவு செய்திருந்தாள். ஆள் குட்டியாக, உருண்டையாக இருப்பதால் பட்டாணி என்ற பெயர் வந்தது. முடிவு எடுத்தால் மட்டும் மலைபோல அசைய மாட்டாள்.

போன சனிக்கிழமை மண்பாண்ட வகுப்பில் டீச்சர், "இலையோ பூச்சியோ, இயற்கையில உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணைப் பாருங்க. அந்த வடிவத்துல வீட்டுக்கு உபயோகமான ஒரு பொருள் செய்யுங்க" என்று சொல்லியிருந்தார்.

பட்டாணி யோசிக்கவே இல்லை. முதுகெல்லாம் ஓட்டை வைத்து ஒரு முள்ளம்பன்றி செய்தாள். ஓட்டைக்கு ஒரு குண்டூசி செருகினால் அதுவே முள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெட்டை, தன் அக்காவுக்காக நத்தை வடிவில் ஒரு கோப்பை செய்தான். அதன் கைப்பிடி மூன்று முறை கழன்று விழுந்து, நான்காவது முறைதான் ஒட்டிக்கொண்டது.

"உள்ளே இருக்கிற மண்ணைக் குடைஞ்சு எடுத்துடணும். சுவர் உங்க விரல் கனம்தான் இருக்கணும்" என்று டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார். பட்டாணிக்கு மனம் வரவில்லை. நன்றாகச் சாப்பிட்ட முள்ளம்பன்றியாகவே இருக்கட்டும் என்று வயிற்றை அப்படியே விட்டுவிட்டாள்.

இன்று சனிக்கிழமை. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் போடும் சூளையை இன்றைக்குப் போடப் போகிறார்கள்.

"எல்லாரும் அவங்கவங்க பொருளைக் கன்னத்துல வச்சுப் பாருங்க" என்றார் டீச்சர். "சில்லுன்னு இருந்தா உள்ளே இன்னும் ஈரம் இருக்கு. சூடு ஏறினதும் அது ஆவியாகிப் பொருளையே வெடிக்க வச்சிடும். பக்கத்துல இருக்கிறதும் உடைஞ்சிடும்."

வகுப்பு முழுவதும் தொலைபேசியில் பேசுவதுபோல மண்ணைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றது. பட்டாணியும் வைத்தாள்.

சில்லென்று இருந்தது.

அடுத்த கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். நெற்றியிலும் வைத்துப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் சில்லென்றுதான் இருந்தது.

டீச்சர் அந்தப் பக்கம் திரும்பி எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. இதை விட்டால் இன்னும் ஒரு மாதம் ஆகும். பட்டாணி மெல்லப் போய் முள்ளம்பன்றியைச் சூளைத் தட்டில் வைத்தாள்.

நெட்டை தன் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி வந்தான். "உன் முள்ளம்பன்றி பக்கத்துலயே வைக்கிறேன். என் நத்தைக்குத் துணையா இருக்கும்" என்றான்.

பட்டாணி அந்தக் கைப்பிடியைப் பார்த்தாள். நான்காவது முறை ஒட்டிய கைப்பிடி.

சட்டென்று முள்ளம்பன்றியை வெளியே எடுத்தாள். "டீச்சர், இது இன்னும் சில்லுன்னு இருக்கு. நான் குடையவே இல்லை" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

டீச்சர் கையில் வாங்கிப் பார்த்தார். "கல்லு மாதிரி கனக்குதே. நல்லவேளை சொன்னே. அடுத்த மாசம் சுட்டுக்கலாம்."

"திங்கட்கிழமை அம்மா கடை திறக்கிறாங்களே."

டீச்சர் சூளையின் கதவை மூடினார். பட்டாணி மூக்கை உறிஞ்சியபடி முள்ளம்பன்றியை முறைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"டீச்சர், சுடாத மண்ணு என்ன ஆகும்?"

"தண்ணி பட்டா கரைஞ்சிடும். அதான் சுடுறோம்."

"குண்டூசி தண்ணி குடிக்காதே?"

டீச்சர் சிரித்துவிட்டார்.

பட்டாணி முள்ளம்பன்றியை மடியில் மல்லாக்கப் போட்டு, அடுத்த மாதச் சூளைக்காக இப்போதே வயிற்றைக் குடையத் தொடங்கினாள். உள்ளே ஈரம் மிச்சம் இருந்ததால் மண் சுருள் சுருளாக வந்தது. நெட்டை அசையாமல் பிடித்துக்கொண்டான். எவ்வளவு கவனமாகப் பிடித்தும் ஒரு காது மட்டும் உதிர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை, புதுக் கடையின் மேசைமேல் ஒற்றைக் காது முள்ளம்பன்றி உட்கார்ந்தது. அம்மா ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு குண்டூசி செருகினார். செருகச் செருக அவர் முகம் மலர்ந்தது.

"அம்மா, இன்னும் சுடலை. இதைக் குளிப்பாட்டக் கூடாது" என்றாள் பட்டாணி. "காதும் ஒண்ணுதான்."

"ஒரு காது போதும்மா. நான் சொல்றது கேட்டா சரி" என்று அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, கடைக்குள் வெறுங்காலோடு இரண்டு சுற்று நடந்தார். ஒரு "ஆ" கூட வரவில்லை.

ஒரு மாதம் கழிந்தது. சூளை போடும் சனிக்கிழமையும் வந்தது. முள்ளம்பன்றியைச் சுட எடுத்துப் போகக் கடைக்கு வந்த பட்டாணியிடம் அம்மா ஒரு சீட்டை நீட்டினார். அதில் இப்படி எழுதியிருந்தது:

"டீச்சர் அவர்களுக்கு, எங்கள் கடையில் வேலை பார்க்கும் முள்ளம்பன்றிக்கு ஒரு வாரம் மட்டும் விடுமுறை தந்திருக்கிறேன். அதற்குமேல் ஒரு நாள்கூட முடியாது. என் கணவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்."